சாமந்தித் தோட்டத்தை ஒட்டி ஒரு பந்து மைதானம்

நான் வேலை பார்ப்பது பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில், உத்தனப்பள்ளியைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மேடம், சமையலுக்கு ஓர் அக்கா, வாசலில் ஒரு வாட்ச்மேன். நான் பிள்ளைகளோடு இருக்கிறவள். தலை பின்னிவிடுவேன், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வேன், பள்ளிக்கூடத்தில் யாரையாவது கூப்பிட்டால் போய் நிற்பேன். பிள்ளைகள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பத்தாவது வரை படித்திருக்கிறேன். பிறந்தது அரியலூர்ப் பக்கம். கணவருக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்ததால் வந்து சேர்ந்தோம். பழகாதவர்களிடம் பேசுவது எனக்கு இன்றைக்கும் கஷ்டம். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தும் டிரைவர் நிறுத்தவில்லை என்றால் குரல் கொடுக்க மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வருவேன். இந்த வேலையில் பிள்ளைகளிடம் மட்டும் பேசினால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

எங்கள் பிள்ளைகளில் பெரியவள் அப்போது பதினொன்றாவது படித்தாள். பள்ளியின் கூடைப்பந்து அணியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் பயிற்சி மாலையில் பள்ளி விட்ட பிறகு. எங்கள் இல்லத்திலோ இருட்டுவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இருக்க வேண்டும். அவளுக்காக ஒருவர் போய்க் காத்திருந்து அழைத்துவர ஆளும் இல்லை. அதனால் மற்றவர்கள் விளையாட ஆரம்பிக்கும்போது இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ‘பயிற்சிக்கு வராத பிள்ளையை எத்தனை நாள் அணியில் வைத்திருப்பது’ என்று விளையாட்டு ஆசிரியர் என்னிடமே கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த வருடம் ஒரு கம்பெனியிலிருந்து இனிப்பு கொடுக்க வந்தார்கள். அவர்களில் பெரிய அதிகாரி பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒருத்தி டிவி என்றாள், ஒருத்தி சுடிதார் என்றாள். பெரியவள் எழுந்து நின்று, “சிமென்ட்டுத் தரை வேணும் சார். ரெண்டு பக்கமும் கூடை மாட்டணும்” என்றாள்.

“மண்ணுல வெளையாடக் கூடாதா?”

“மண்ணுல பந்து எழும்பாது சார்.”

அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் கம்பெனிப் பெயர் போட்ட காரில் இரண்டு இன்ஜினியர்கள் வந்தார்கள். இல்லத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நிலத்தை டேப் வைத்து அளந்தார்கள். சிமென்ட்டுத் தளம், இரண்டு கூடைக் கம்பங்கள், சுற்றிலும் கம்பி வலை, மூலைக்கு ஒன்றாக நான்கு விளக்குக் கம்பங்கள். விளக்கு இருந்தால் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, டீ குடித்து, எட்டு மணி வரைக்கும் விளையாடலாம். வளாகத்துக்குள்ளேயே என்பதால் யாரும் போய் அழைத்துவர வேண்டியதில்லை. கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை சொன்னது. மார்ச் முடிவதற்குள் அரசாங்க அனுமதி கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பணம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

அனுமதி பெரிய விஷயமாக இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. நகரமைப்பு அலுவலகத்தில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, எங்கள் சர்வே எண் முழுவதும் மாஸ்டர் பிளானில் விவசாய நிலம் என்று இருக்கிறது. இல்லத்தின் கட்டடம் பழைய பஞ்சாயத்து அனுமதியோடு முன்பே கட்டியது, அதை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. புதிதாகத் தளம் போட்டுக் கம்பம் நட வேண்டுமென்றால் விதிவிலக்கு வாங்க வேண்டும். அதற்கு முன்னால் அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். அறிவிப்பில் என்ன எழுத வேண்டும் என்று மாதிரியும் கொடுத்தார்கள்.

அதை டைப் அடித்து வாங்கிவந்து, மைதா பசை காய்ச்சி, நானும் வாட்ச்மேனும் ஒட்டினோம். பால் சொசைட்டி சுவரில் ஒன்று, டீக்கடைப் பலகையில் ஒன்று, எங்களை ஒட்டியிருந்த சாமந்தித் தோட்டத்து மோட்டார் ரூம் கதவில் ஒன்று. காலை பதினோரு மணி இருக்கும். ஊரில் பாதிப் பேர் தோட்டத்தில், மீதிப் பேர் ஷிப்டில். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் ஆள் இல்லை. எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

எங்கள் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். சர்வே எண் போட்டு, ‘நிலம்’, ‘உபயோகம்’, ‘ஆட்சேபணை’ என்றெல்லாம் எழுதி ஒரு காகிதம் சுவரில் ஏறினால், தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள். சில வருடங்களாக அந்தப் பயத்திலேயே இருக்கிற ஊர்கள் இவை. பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தின் நான்காவது வரியில் ‘விளையாட்டு மைதானம் அமைக்க’ என்று இருந்தது. அந்த வரி வரைக்கும் யாரும் படிக்கவில்லை. கம்பெனிக் கார் வந்ததையும் டேப் பிடித்ததையும் ஏற்கனவே எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் காலை கேட்டில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் நின்றது பக்கத்துச் சாமந்தித் தோட்டத்துக்காரம்மா. எங்களோடு தமிழ் பேசுவார், வீட்டில் தெலுங்கு. வாய் பெரியது என்று ஊரில் சொல்வார்கள். அவர் கணவர் அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

“ஏம்மா, உங்க மேடத்த வரச்சொல்லு.”

“மேடம் ஓசூருக்குப் போயிருக்காங்கக்கா.”

“போவாங்க, போவாங்க. எந்தக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்.”

“யாருக்கும் எழுதிக் குடுக்கலக்கா. புள்ளைங்க பந்து வெளையாட எடம் கேட்டிருக்கோம்.”

“பந்து வெளையாட சர்வே நம்பர் எதுக்கு? நாங்கெல்லாம் சின்ன வயசுல பந்து வெளையாடல? எந்த ஆபீஸ்ல போயி மனு குடுத்துட்டு வெளையாடினோம்?”

கூட்டம் சிரித்தது. எனக்கும் அந்தக் கேள்வி சரி என்றுதான் பட்டது. 

பின்னாலிருந்து ஒருவர், “மொதல்ல பந்துன்னு சொல்லுவாங்க. அப்புறம் ஹெலிகாப்டரு எறங்கும்” என்றார்.

“அப்பிடியெல்லாம் இல்லீங்கண்ணா...”

“உனக்கு என்னாம்மா தெரியும்? நீ சம்பளத்துக்கு இருக்கறவ. உன்ன நாங்க ஒண்ணும் சொல்லல” என்றார் தோட்டத்துக்காரம்மா. அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் மேடம் வந்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வரைபடத்தில் கோடுகளும் மீட்டர்களும் இருந்தன. இன்ஜினியர் போட்ட வரைபடம் என்றதுமே அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. அந்த வாரக் கடைசியில் சுற்றியிருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் ஆட்சேபணை கொடுத்துவிட்டார்கள். அதிகாரி இடத்தை நேரில் வந்து பார்ப்பார், இரண்டு தரப்பையும் அங்கேயே விசாரிப்பார், ஆட்சேபணை அப்படியே நின்றால் மனு தள்ளுபடி என்று எங்களுக்குத் தகவல் வந்தது. மார்ச் பிறந்திருந்தது.

பெரியவள் தினமும் பள்ளியிலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, பின்பக்கம் போய் அந்தக் காலி நிலத்தில் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. மைதானம் எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. வரைபடத்தைப் பார்த்து ஊரே பயப்படுகிறது. தரையிலேயே போட்டுக் காட்டினால் என்ன? மேடத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “போடு” என்றார். பள்ளியில் விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். அதேபோல வாட்ச்மேனை விட்டுச் சுண்ணாம்புப் பொடி வாங்கிவரச் சொன்னேன். பிள்ளைகள் கயிறு பிடித்தார்கள். பெரியவள் வரைபடத்தைப் பார்த்து அளவு சொல்ல, நான் குனிந்து கோடு இழுத்தேன். கூடை வருகிற இடத்தில் கல் வைத்தோம். விளக்குக் கம்பம் வருகிற நான்கு மூலையிலும் குச்சி நட்டு, பழைய பாவாடையைக் கிழித்துச் சிவப்புத் துணி கட்டினோம். ஒன்றையும் மறைத்தோம் என்று பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் குச்சிகளையும் நட்டேன்.

மறுநாள் காலை, சின்னப் பிள்ளை ஒருத்தியின் விஷயமாக மேடத்தைக் கிருஷ்ணகிரியில் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு வரச்சொல்லிவிட்டார்கள். அதைத் தள்ளிவைக்க முடியாது. கிளம்பும்போது என்னிடம், “கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும். நீயா ஒண்ணும் பேச வேண்டியதில்ல” என்றார். அது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

அதிகாரி மத்தியானம் ஜீப்பில் வந்தார். ஊர்க்காரர்கள் முன்பே வந்து வேலியோரம் நின்றிருந்தார்கள். “இல்லத்து சார்பா யாரு?” என்று கேட்டார். நான் வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கிவிட்டேன். யாரோ சிரித்தார்கள்.

“சொல்லுங்கம்மா.”

 நான் நடந்துபோய்க் கோட்டின் மேல் நின்றுகொண்டேன். “இதாங்க சார். இந்தக் கோட்டுக்குள்ளதான். இதுக்கு வெளிய ஒண்ணும் இல்லீங்க.”

அதிகாரியின் உதவியாளர் டேப் பிடித்துப் பார்த்து, வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறது என்றார். தோட்டத்துக்காரம்மா வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றாமல், கோட்டை ஒட்டியே ஒரு சுற்று நடந்தார். நடந்து முடித்துத் தன் கணவரிடம் தெலுங்கில், “ஏமய்யா, இந்தேனா?” என்றார். இவ்வளவுதானா என்று அர்த்தம்.

“அந்தே” என்றார் அவர், அவ்வளவுதான் என்று.

“எங்க ஊரு ராகி அடிக்கற களமே இதவிடப் பெருசா இருக்குமே!”

ஹெலிகாப்டர் என்று சொன்னவரும் வந்து பார்த்தார். “இதுக்கா நான் ஷிப்டு மாத்திக்கிட்டு வந்தேன்? சூப்பர்வைசருகிட்ட என்னா சொல்லுவேன்?” என்றார்.

“ஹெலிகாப்டரு வரலன்னு சொல்லு” என்று தோட்டத்துக்காரம்மா சொல்ல, அதிகாரியே சிரித்துவிட்டார். அப்படியென்றால் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள் என்று அவர் சொன்னார். ஜீப்பின் பானட் மேல் காகிதத்தை வைத்தார்கள். இரண்டு மூன்று பேர் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தோட்டத்துக்காரம்மா பேனாவைக் கையில் வாங்கிவிட்டு நின்றார். “அந்தக் குச்சிங்க எதுக்கு?”

“லைட்டுக் கம்பம் வர்ற எடம்க்கா.”

“எவ்வளவு நேரம் எரியும்?”

“எட்டு மணி வரைக்கும்.”

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “அப்ப முடியாதும்மா.”

யாருக்கும் புரியவில்லை என்று நினைத்தேன். எனக்குத்தான் புரியவில்லை. மற்ற எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சாமந்திக்கு ராத்திரி நல்ல இருட்டு வேண்டும். பொழுது சாய்ந்த பிறகும் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் செடி மொட்டு வைக்காது, இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். சில பெரிய தோட்டங்களில் பூவைத் தள்ளிப்போட வேண்டுமென்றே பல்பு கட்டி எரியவிடுகிறார்கள். பஸ்ஸில் போகும்போது அந்த விளக்கு வரிசைகளை நானும் பார்த்திருக்கிறேன். காட்டுப்பன்றி வராமலிருக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

“வெளிச்சத்த அந்தப் பக்கமா திருப்பி வச்சிக்கலாமே” என்று உதவியாளர் சொன்னார்.

“என்னாங்க திருப்பறது? அது என்ன சாமி ரூமு ஜீரோ வாட்ஸா? கம்பெனி போடற லைட்டு. அதுல ஊசியில நூலு கோக்கலாம். எஞ்செடி எங்க போயி தூங்கும்?”

அவர் சத்தமாகப் பேசினாலும், நான் முதல் நாள் பார்த்த கோபம் அதில் இல்லை. அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்தான். அதில் சாமந்தி வந்தால்தான் அந்த வருடம்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “அவங்க சொல்றது உண்மைதாம்மா. ஆட்சேபணையோட நான் பரிந்துரை பண்ண முடியாது. பேசி ஒரு முடிவு சொல்லுங்க.”

மேடத்துக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். இன்னொரு முறை செய்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விளக்கு இல்லையென்றால் மாலைப் பயிற்சி இல்லை. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து முகம் கழுவுவதற்குள் பொழுது போய்விடும். விளக்குக்காகத்தானே பெரியவள் இத்தனை நாள் காத்திருந்தாள். விளக்கு வேண்டும் என்று நான் நின்றால் தரையும் கிடைக்காது. இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்றால் மார்ச் போய்விடும்.

“லைட்டு வேணாங்க சார்” என்றேன்.

“உங்க மேடத்தக் கேக்க வேணாமா?”

“புள்ளைங்களோட இருக்கறவ நாந்தாங்க. வேணாம்னு எழுதிக்கங்க.”

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். தோட்டத்துக்காரம்மாவும் போட்டார். போகும்போது என் பக்கம் வந்து, “தப்பா நெனச்சிக்காத” என்று மட்டும் சொன்னார்.

பள்ளி விட்டு வந்த பெரியவளிடம் நானே சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப எப்பம்மா வெளையாடறது? ஞாயித்துக்கெழம மட்டுமா?” என்றாள்.

“தரையாவது வரட்டும்னு...”

“நீங்க பேசவே மாட்டீங்களே. இன்னிக்குப் பாத்து ஏம்மா பேசினீங்க?”

அவள் பின்பக்கம் போய் நான்கு குச்சிகளையும் பிடுங்கி, அடுப்படி விறகோடு போட்டுவிட்டு வந்தாள். ராத்திரி சாப்பிட்டாள், ஆனால் என் பக்கத்தில் உட்காரவில்லை. மேடம் வந்து எல்லாவற்றையும் கேட்டார். “நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா ரெண்டு நாளு யோசிச்சிட்டுச் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள காரியம் கெட்டிருக்கும்” என்றார்.

அனுமதி மார்ச் முடிகிற சமயத்தில் வந்தது. விளக்கு கூடாது, கூரை கூடாது, வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. சித்திரை வெயிலில் தளம் போட்டார்கள். எங்கள் மோட்டார் ஒழுங்காக இழுக்காததால், தளம் காயாமல் நனைத்துக்கொண்டே இருக்கத் தோட்டத்துக்காரர் தன் போர்வெல்லிலிருந்து பைப்பை இழுத்து விட்டார்.

பெரியவள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தது தளம் காய்ந்த பிறகுதான். அதுவும் ஒரு காரியமாக. காலையில் எழுந்ததும் படிக்கிற நேரம் ஒன்று இல்லத்தில் உண்டு. அதை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டு, காலையில் விளையாடலாமா என்று கேட்டாள். படிக்க ட்யூப்லைட் போதும், விளையாடத்தான் பகல் வெளிச்சம் வேண்டும் என்றாள். மேடம் சரி என்றார். அதற்குப் பிறகு விடிகிற நேரத்தில் பின்பக்கம் பந்துச் சத்தம் கேட்கும். வேலிக்கு அந்தப் பக்கம் பூ பறிக்கிறவர்கள் இருப்பார்கள். பந்து வலையைத் தாண்டி விழுந்தால் தோட்டத்துக்காரம்மா எடுத்து எறிவார்.

“இன்னொரு தடவ செடி மேல விழுந்துச்சின்னா, கூடையில போட்டுப் பூவோட மார்க்கெட்டுக்கு அனுப்பிருவேன், பாத்துக்க.”

“அனுப்புங்கத்த. பூவவிட நல்ல வெலைக்குப் போகும்.”

“வாயப் பாரு! அத்தையாம் அத்த.”

பன்னிரண்டாவது வந்ததும், காலையில் விளையாடி அவள் ஆட்டம் கூடியிருந்ததைப் பார்த்து, விளையாட்டு ஆசிரியர் பெரியவளை அணியில் நிலையாக வைத்துக்கொண்டார். கிருஷ்ணகிரியில் போட்டி என்று கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். பகலில் நடந்த இரண்டு ஆட்டத்திலும் எங்கள் பள்ளி ஜெயித்தது. மூன்றாவது ஆட்டம் தள்ளித் தள்ளிப் போய், பொழுது சாய்ந்து, விளக்குப் போட்ட பிறகு ஆரம்பித்தது. அவள் எறிந்த பந்து ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்துப் பார்த்து எறிந்தாள். தோற்றுவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைக் குறை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

“லைட்டுல பந்துக்கு ரெண்டு மூணு நெழல் வருதும்மா. கூடை தள்ளித் தெரியுது. பழகிக்கணும்.”

“எங்க பழகுவ?”

“ஸ்கூலு மைதானத்துல லைட்டு போட்டிருக்காங்கல்ல. வாரத்துல ரெண்டு நாளு லேட்டா வரதுக்கு மேடத்துகிட்ட நீங்க கேளுங்க. நான் கேட்டா ரூல்ஸ் சொல்லுவாங்க.”

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனேன். வழக்கமாகக் கதவுக்கு வெளியே நின்று அவராகக் கூப்பிடும் வரை காத்திருப்பேன். அன்றைக்கு உள்ளே போய் நின்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இருட்டிட்ட பிறகு அவளக் கூட்டிக்கிட்டு வர யாரு இருக்கா?”

சமையல்கார அக்காவிடம் அந்த இரண்டு மாலையும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

“நான் போறேங்க மேடம்” என்றேன்.

செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். மைதானத்து ஓரத்தில் சிமென்ட்டுப் படி இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொள்வேன். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் வருகிறார்கள். என்னிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள், நானும் ஏதோ பதில் சொல்கிறேன். விளக்கில் அவள் எறிவது இப்போது பாதிக்குப் பாதி விழுகிறது.